அண்ணனின் கல்லறையில் கிடப்பவன்

என் அண்ணனுக்கு மன்னாரில், எங்கள் ஊர்ச் சேமக்காலையில் ஒரு கல்லறை இருக்கிறது. சீமெந்துச் சிலுவை, அதில் அவருடைய முழுப் பெயர், பிறந்த நாள், இறந்த நாள் எல்லாம் ஒழுங்காகப் பொறித்திருக்கிறது. அண்ணன் ஒஸ்லோவில், புருசெத்தில், எங்கள் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் லோண்டரியில் வேலை. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதில் கொஞ்சமும் சந்தேகப்படாத ஒரே ஆள் நோர்வே வரிக்காரன்தான்.

இதைச் சொல்லிச் சிரிப்பது எங்கள் வீட்டில் பழகிப்போன விஷயம். என் பிள்ளைகள்கூட, மாமா ஏதாவது சாப்பிட மாட்டேன் என்றால், "செத்த ஆக்களுக்குப் பசிக்காதுதானே" என்பார்கள். அந்தப் பகிடி இப்போது நின்றுபோயிற்று. அது நின்ற கதையைச் சொல்வதற்கு அவர் எப்படிச் செத்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

மன்னார் என்றால் மீனும் கருவாடும் என்று நினைப்பவர்கள் இங்கே நிறைய. நாங்கள் கடற்கரைச் சனம் இல்லை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்த ஊர் எங்களுடையது. ஊர் முழுக்க வேதக்காரர், கத்தோலிக்கர். அப்பாவுக்குக் கொஞ்ச வயலும், கோயில் மூப்பர் என்ற பதவியும் இருந்தன. வயல் சோறு போட்டது, பதவி வாயைக் கொடுத்தது என்று அம்மா சொல்வார். முன்னொரு காலத்தில் ராசா வேதத்தை விடச் சொன்னபோது விடமாட்டோம் என்று வெட்டுப்பட்ட சனத்தின் வழி நாங்கள் என்பது அப்பாவின் நீங்காத பெருமை. "கழுத்தைக் குடுத்த சனமடா நாங்கள்" என்று சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொல்வார். உண்மையில் அவர் சாதுவான மனிதர். கோயில் மணியை நேரம் தவறாமல் அடித்ததுதான் வாழ்க்கையில் அவர் காட்டிய வீரம்.

அண்ணன் பிறந்தபோது மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தாராம். பிள்ளையைத் தந்தால் உன் கோயிலுக்கே தருகிறேன் என்று அம்மா மடு மாதாவுக்கு நேர்ந்துவிட்டார். ஆகவே அண்ணன் பாதர் ஆவார் என்பது அவரைத் தவிர எல்லோரும் சேர்ந்து முடிவு செய்த காரியம். பூசைக்கு உதவினார். செபங்களை மூச்சு விடாமல் சொன்னார். எனக்கு அவரைவிடப் பல வயது குறைவு. நான் அவருக்கு முன்னால் விளையாட்டுக்கு முழங்காலில் நிற்பேன். அவர் பூசையில் பாதர் செய்வதுபோலப் பிஸ்கட் துண்டை நாக்கில் வைத்து நன்மை கொடுப்பார்.

ஒருநாள் விடியற்காலையில் ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. அப்பாவுக்கு அது தெரியாது. வழக்கம்போல விடியற் செபத்துக்கான திருந்தாதி மணி அடிக்கப் போனார். இயக்கத்துக்குச் சைகை காட்டுகிறார் என்று மணிக்கயிற்றடியிலேயே போட்டு அடித்தார்கள். கோயிலுக்குள் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்ற அண்ணன் அதைப் பார்த்தார். அப்பாவுக்கு ஒரு காது போயிற்று. அதற்குப் பிறகு அவர் அந்தக் கயிற்றைத் தொடவில்லை. பிறகொரு நாள், பழைய ஞாபகத்தில், கழுத்தைக் கொடுத்த சனம் என்று அவர் தொடங்கியபோது, "குடுத்தது காணும் அப்பா, போதும்" என்றார் அண்ணன். அந்த மாதமே அவர் இயக்கத்துக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு வந்த கோபம் இயக்கத்தின் மீது மட்டுமல்ல. "உனக்கெண்டு நேர்ந்து வைச்ச பிள்ளையை எப்பிடி வேறை ஆக்கள் தூக்கிக்கொண்டு போக விட்டனீ?" என்று மாதா சுருபத்துக்கு முன்னால் நின்று சண்டை பிடித்தார். சண்டை பிடித்த கையோடு ஊசியையும் நூலையும் எடுத்தார். மடுக்கோயில் மண் பாம்புக்கு எதிரான காவல் என்பது எங்கள் பக்கத்தில் வேதக்காரர், சைவக்காரர் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. அந்த மண்ணில் ஒரு பிடியைச் சின்னத் துணிப்பையில் கட்டினார். கழுத்தில் போடும் மாதாவின் உத்தரியத்தோடு அதைச் சேர்த்துத் தைத்தார். காட்டில் கிடக்கிற பிள்ளைக்கு இதையாவது கொண்டுபோய்க் கொடுங்கள் என்று யாரிடமோ அனுப்பினார். அது அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்ததை ஒரு பெட்டி வந்துதான் எங்களுக்குச் சொன்னது.

ஆணி அடித்து மூடிய பெட்டி. திறக்க வேண்டாம், பார்க்கிற நிலையில் இல்லை என்றார்கள் கொண்டுவந்தவர்கள். இலக்கம் பொறித்த கழுத்துத் தகடு கிடைக்கவில்லையாம். உத்தரியமும் மண்பையும் உடம்போடு இருந்தனவாம். அந்த அணியில் ஒரே ஒரு வேதக்காரப் பெடியன்தான் இருந்தானாம். அம்மா பையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "என்ரை தையல்" என்றார். அதற்குமேல் வேறு சாட்சி யாருக்கு வேண்டும்?

தங்களுடைய மாவீரர் துயிலும் இல்லத்தில்தான் விதைக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். அம்மா ஒழுங்கையில் வாகனத்துக்குக் குறுக்கே படுத்துவிட்டார். "ஞானஸ்நானம் வாங்கின பிள்ளை. சிலுவை இல்லாத இடத்திலை புதைக்க விடன்" என்றார். பாதர் வந்து கதைத்து, கடைசியில் சேமக்காலையிலேயே அடக்கம் நடந்தது. எல்லாக் கல்லறையையும் போலத்தான், அதில் ஒரு சிலுவை. அம்மா இரண்டு வருடம் கறுப்பை மாற்றவில்லை. அந்த மண்மேட்டில் குப்புற விழுந்து அழுவார். தூக்கிக்கொண்டுவர நானும் அப்பாவும் போவோம்.

பிறகு ஒரு பின்னேரம் அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

சண்டையில் வயிற்றில் காயப்பட்டு, வேறு அணியோடு அகப்பட்டு, கிழக்குப் பக்கத்து மருத்துவ முகாமில் கிடந்து, அங்கேயே அவர்களோடு நின்றுவிட்டிருக்கிறார். ஓரிடத்தில் செத்தவராகவும் இன்னோரிடத்தில் காயக்காரராகவும் இருந்திருக்கிறார். கடிதம் போட வழியில்லை. வீட்டுக்குச் செய்தி போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்தாராம். அம்மாவின் கையில் அந்தப் பையைக் கண்டதும்தான் அவருக்கு விஷயம் விளங்கியது. அதை அவர் ஒரு பெடியனுக்குக் கொடுத்திருந்தார். சைவக்காரப் பெடியன். பாம்பு என்றால் நடுங்குவானாம். "எனக்கு அப்ப நம்பிக்கை இல்லை. அவனுக்கு இருந்தது. குடுத்திட்டன்" என்றார் அண்ணன்.

இயக்கத்தில் எல்லாருக்கும் இயக்கப் பெயர்தான். சொந்தப் பெயரோ ஊரோ கேட்கக் கூடாது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய்த் தட்டுவது? அண்ணன் தன் பொறுப்பாளரிடம் சொன்னார். பிறகு பார்ப்போம் என்றார் அவர். அந்தப் பிறகு வரவேயில்லை. கொஞ்ச நாளில் அண்ணன் இயக்கத்தை விட்டு விலகினார். கடல் கடந்தார். அலைந்து அலைந்து நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் வெட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தார். சண்டை முடிந்த பிறகு ஆமி அவரைத் தேடி வீட்டுக்கு வந்தபோது, அம்மா அவர்களைச் சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சிலுவையைக் காட்டினார். அவர்கள் பெயரை வாசித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். துயிலும் இல்லங்களை எல்லாம் புல்டோசர் விட்டு உழுத காலம் அது. சிலுவை போட்ட கல்லறையை யாரும் தொடவில்லை. செத்தவன் அண்ணனைக் காப்பாற்றினான், அண்ணனின் பெயர் செத்தவனைக் காப்பாற்றியது. அதனால் அந்தப் பெயரை அழிக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பயம் என்றும் சொல்லலாம்.

அம்மா சாகும்வரை அங்கே மெழுகுதிரி கொளுத்தினார். "ஆரோ பெத்த பிள்ளை" என்பார். அந்த யாரோ யார் என்று தேட நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

ஒஸ்லோவில் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குத் தமிழ்ப் பூசை. கலியாணம் முடித்து இங்கே வந்த நாளிலிருந்து நான் தவறவிட்டதில்லை. அண்ணனும் வருவார், கடைசி வாங்கு வரிசைக்குப் பின்னால் சுவரோடு நிற்பார், நன்மை எடுக்க முன்னுக்குப் போகமாட்டார். அந்தப் பூசைக்கு நெற்றியில் திருநீற்றோடு ஒரு வயதான அம்மா வரத் தொடங்கினார். அது புதினமில்லை. ஊரில் காணாமல் போனது எதுவானாலும் சைவச் சனமும் அந்தோனியாரிடம்தான் வரும். அந்த அம்மா ஒஸ்லோவிலேயே ரொம்சோஸ் பக்கத்தில் மகளோடு இருப்பவர். அந்தோனியார் சுருபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்.

"என்ரை மகன், பிள்ளை. சண்டைக்குள்ளை தொடர்பில்லாமல் போனவன். எங்கையோ இருக்கிறான். உங்கடை ஆக்களுக்கும் ஒருக்கால் அனுப்பிவிடும்."

அவர் போனிலிருந்து என் போனுக்கு வந்தது படம். பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டில், அரும்பு மீசையோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற ஒரு பெடியன்.

ஞாயிறு மத்தியானம் அண்ணனுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சோறு போட்டுவிட்டு, இவரைத் தெரியுமா என்று போனை நீட்டினேன். பார்த்தார். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"இவன்தான்."

"எவன்?"

"என்ரை இடத்திலை கிடக்கிறவன்."

கையில் கறி காயும்வரை அப்படியே இருந்தார். பிறகு எழுந்து கழுவிக்கொண்டு வந்து, "அந்த மனுசிக்குச் சொல்ல வேண்டாம்" என்றார். எதிர்பார்த்துக்கொண்டே இருக்கட்டுமாம். அந்த எதிர்பார்ப்பில்தான் அவர் உயிர் நிற்கிறதாம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு உடைத்து என்ன பயன் என்றார். நியாயம் போலத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்ன முகத்தில் நியாயத்தை நான் காணவில்லை. பயத்தைத்தான் கண்டேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். அண்ணனை நான் நீங்கள் என்றுதான் கதைப்பேன். அன்று அது வாயை விட்டுப் போய்விட்டது.

"அது நம்பிக்கையில்லை, வதை. எங்கடை அம்மா ரெண்டு வருசம் அழுது முடிச்சா. அந்த மனுசி இன்னும் அழவே தொடங்கேல்லை. நீ சொல்லாட்டில் நான் சொல்லுவன்."

அண்ணன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த நாட்களில் நானும் உள்ளுக்குள் ஆடிப்போய்த்தான் இருந்தேன். சொல்கிறேன் என்று கத்துவது சுலபம். அடுத்த தமிழ்ப் பூசையில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கடை அந்தோனியார் மற்றவைக்கெல்லாம் கெதியாய்க் குடுக்கிறார் பிள்ளை, எனக்கு மட்டும் தாமதம்" என்று சிரித்தபோது, நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அண்ணன் பின்சுவரிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வெளியே வந்ததும், "வாற சனிக்கிழமை போவம், நான்தான் சொல்லவேணும்" என்றார்.

உங்கள் மகனைத் தெரிந்தவர் ஒருவரோடு வருகிறேன் என்று மட்டும் அந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பிழையான சொல் என்று உறைத்தது.

ரொம்சோஸில் மலையைக் குடைந்து கட்டிய ஸ்டேஷன். அதிலிருந்து மேலே வந்து வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்தபோதே கறி மணந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மா நல்ல சேலை உடுத்தியிருந்தார். அடுப்பில் கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பொரியல். சோற்றுக்கு உலை வைத்து அப்போதுதான் அரிசி போட்டிருக்கிறார். அண்ணனை இருத்திவிட்டு, எதிரே கதிரையை இழுத்துப்போட்டு முழங்கால் முட்ட இருந்தார்.

"சொல்லும் தம்பி. எப்பிடி இருக்கிறான் என்ரை பிள்ளை?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அம்மா, அவனுக்குப் பாம்பெண்டால் சரியான பயம்" என்று தொடங்கினார்.

"ஐயோ, சின்னனிலை இருந்து!" அவர் கைகொட்டிச் சிரித்தார். "கிணத்தடிக்குத் தனியப் போகான். பெரிய பெடியனான பிறகும் என்னைக் கூப்பிடுவான்."

அந்தச் சிரிப்பு ஓயும்வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பையைக் கொடுத்தது, செல் விழுந்தது, பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது, பெயர் மாறிக் கிடப்பது. அடுக்கிச் சொல்லத் தெரியவில்லை. முன்னுக்குப் பின்னாகச் சொன்னார். சில இடங்களில் இரண்டு தரம் சொன்னார். அந்த அம்மாவின் சிரித்த முகம் மாறுவதற்கு வெகுநேரம் எடுத்தது.

"எரிக்கேல்லை?"

"இல்லை அம்மா. அடக்கம் பண்ணினது."

"ஆர் அழுதது?"

"என்ரை அம்மா. தன்ரை பிள்ளை எண்டு நினைச்சு."

தலையை ஆட்டினார். "பெத்தவள் ஒருத்தி அழுதிருக்கிறாள். காணும்." பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "நீர் உயிரோடை வந்த அண்டைக்கு உங்கடை வீட்டிலை என்ன நடந்தது?"

ஏதாவது பொய்யைச் சொல் என்று அண்ணனை மனதுக்குள் கெஞ்சினேன். ஒரு பொய் என் நாக்கிலேயே தயாராக இருந்தது. அண்ணன் சொல்லவில்லை.

"கிடாய் வெட்டினவை, அம்மா. ஊருக்கெல்லாம் சாப்பாடு. வெடி கொளுத்தினவை. கோயிலிலை நன்றிப் பூசை வைச்சது."

"அண்டைக்கு அவனை நினைச்சியளோ?"

"இல்லை அம்மா. அண்டைக்கு ஒருத்தரும் நினைக்கேல்லை."

அது உண்மை. அன்று நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். நன்றிப் பூசைக்குப் போகும்போது சேமக்காலையைக் கடந்துதான் போனோம். அம்மா கறுப்பை அவிழ்த்துவிட்டுச் சிவப்புச் சேலையில் நடந்தார். யாருடைய தலையும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் சந்தோசம் திரும்பி வந்த நாளில்தான் அந்தப் பெடியனுக்கு அழ ஆளில்லாமல் போனது. இதை நான் அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை.

அந்த அம்மா எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த சோற்றுக்குக் கீழே அடுப்பை நிற்பாட்டினார். பால்கறிச் சட்டியையும் மூடினார். பொங்கி வந்த நுரை பானைக்குள் அடங்கியது.

"செத்த வீட்டிலை அடுப்பு எரியக்கூடாது, பிள்ளை" என்றார் என்னிடம், எனக்குத் தெரியாததைச் சொல்வதுபோல.

திரும்பி வந்து அண்ணனுக்கு முன்னால் நின்றார். "அந்தச் சிலுவையைப் பிடுங்கிப்போடாதேயும். அது நிண்டபடியால்தான் அவன் கிடக்கிறான். பேரை மட்டும் மாத்தும். இயக்கப் பேர் வேண்டாம். நாங்கள் வைச்ச பேர்." தகப்பன் பெயரோடு சேர்த்து அந்தப் பெயரைச் சொன்னார். அண்ணன் அதைத் திருப்பிச் சொன்னார். தனக்குப் பதிலாகக் கிடப்பவனின் பெயர் அன்றைக்குத்தான் அவர் வாயில் வந்தது. சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மா அவரைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் எனக்குத்தான் பொறுத்திருக்காது.

வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டோம். போயிட்டு வாறம் என்ற சொல் பழக்கத்தில் தொண்டைவரை வந்துவிட்டது. அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். செத்த வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை. அந்த அம்மாவும் எங்களைப் போயிட்டு வாங்கோ என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தாமல் உள்ளே போனார். இந்த நாட்டில் வீட்டுக் கதவை யாரும் திறந்து வைப்பதில்லை.

ஒரு மாடி இறங்கியிருப்போம். மேலே அவர் தொடங்கினார். முதலில் ஒரு பெயர், அந்தப் பெயர். பிறகு படிகள் முழுக்க நிறைந்த ஒப்பாரி. கீழ்வீட்டு நோர்வேக்காரர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்திக்கொண்டார். அண்ணனுக்குக் கால் நகரவில்லை. சீமெந்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். செத்த வீட்டுக்கு வந்த சனம் அழுகை தொடங்கியவுடன் எழும்பிப் போவதில்லை.